பக்கத்தில் நிற்பது ஆர்?

சமாதான காலத்தில் ஒரு விடியப்புறம். அம்மம்மா காய்ச்சலோடு படுத்திருந்தார். வன்னியில், உருத்திரபுரத்தில் எங்கள் வளவின் பின்மூலையில் இருந்த கொட்டிலுக்கு அன்றைக்குச் செம்போடு போனவர் மாமா. எங்கள் பசு சிவலையின் மடி விம்மிப்போய் இருந்தது. மாமா காம்புகளைக் கழுவினார், எண்ணெய் தொட்டுப் பூசினார், இழுத்தார். செம்பின் அடி நனைந்ததோடு சரி. சிவலை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. கழுத்தைத் திருப்பி அவரை ஒருதரம் பார்த்தது. பிறகு வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

திண்ணையில் படுத்திருந்த அம்மம்மாவுக்குச் செம்புச் சத்தத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"அடக்கிக்கொண்டு நிக்குதோ? பக்கத்திலை நிக்கிறது ஆரெண்டு அதுக்குத் தெரியாதோ? இழுத்துப் புண்ணாக்காதை. கண்டை அவிட்டு விடு."

கன்று ஓடிவந்து மடியில் இரண்டு முட்டு முட்டியது. ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும், சுருங்கிக் கிடந்த காம்புகள் புடைத்துக்கொண்டன. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு மாமா மறுபடி குந்தினார். செம்பில் நுரை ஏறியது.

மாடும் மடியும் பாலும் முன்பு இருந்தபடியேதான் இருந்தன. பக்கத்தில் நின்ற ஆள்தான் மாறியது. கூட்டமாக வாழும் விலங்கின் உடல் அம்மம்மாவின் கேள்வியை நாள் முழுக்கக் கேட்டபடி இருக்கிறது. கிடைக்கிற பதிலுக்கேற்ப ஹோர்மோனை, இதயத் துடிப்பை, நோய் எதிர்ப்பை, மரபணுக்கள் வேலை செய்யும் விதத்தைக்கூட அது மாற்றிக்கொள்கிறது. சில பதில்களுக்கு உடல் ஒரு நிமிடத்தில் இணங்கிவிடும். சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்காகும். தலைமுறை கடந்தும் தங்கிப்போகிற பதில்களும் உண்டு.

ஒரு நிமிடம்

பால், கறக்கும் நேரத்தில் ஊறுவதில்லை. முன்னமே ஊறி மடிக்குள் காத்திருக்கிறது. மடியின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்பைகள் இருக்கின்றன. பால் உண்டாவதும் தேங்கி நிற்பதும் அவற்றுக்குள்தான். காம்புக்கு மேலே உள்ள சிறு தொட்டி போன்ற இடத்துக்குத் தானாக வடிந்து வருவது கொஞ்சப் பங்கு. நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் அந்தத் தொட்டி இன்னும் சிறியது. மாமாவின் செம்பு நனைந்ததோடு நின்றதற்குக் காரணம் அதுதான்.

நுண்பைகளில் உள்ள பால் இறங்கவேண்டுமானால், அவற்றை வலைபோலச் சுற்றியிருக்கும் தசைக்கலங்கள் அவற்றைப் பிழிந்துவிட வேண்டும். கன்றின் முட்டல், வாய்ச்சூடு, மணம் எல்லாம் மாட்டின் மூளைக்குப் போகின்றன. மூளையின் அடியில் தொங்கும் கபச்சுரப்பி உடனே ஒக்சிடோசின் என்ற ஹோர்மோனை இரத்தத்தில் விடுகிறது. இரத்தம் அதை மடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தச் சுற்றுக்குப் போகிற நேரம்தான் அந்த ஒரு நிமிடம்.

1941இல் அமெரிக்காவில் ஈலை, பீற்றர்சன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டுக் கறந்தார்கள். இரண்டு பாதியிலும் பால் ஒன்றுபோல இறங்கியது. ஆகவே கட்டளை வருவது நரம்பு வழியாக இல்லை, இரத்த வழியாக என்று தெரிந்தது. பிறகு பசுவைப் பயமுறுத்திப் பார்த்தார்கள். முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பத்து விநாடிக்கு ஒருதரம் காகிதப் பையை ஊதி உடைத்தார்கள். பால் நின்றுவிட்டது. பூனையும் பையும் இல்லாமல் அட்ரினலின் ஊசி மட்டும் போட்டபோதும் அதே கதைதான்.

1990களில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி உள்ளே போனார்கள். பழகாத இடத்துக்குக் கொண்டுபோய்க் கறந்த பசுக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது அதில் ஒக்சிடோசின் ஏறவேயில்லை. அதை ஊசியாக ஏற்றியதும் பால் இறங்கியது. மடி ஆயத்தமாகத்தான் இருந்தது, அனுமதி தராதது மூளை. "அடக்கிக்கொண்டு நிக்குது" என்று நாம் மாட்டின் பிடிவாதம்போலச் சொல்வது உண்மையில் மாட்டின் கையிலும் இல்லை. பக்கத்தில் நிற்பது அன்னியம் என்று மூளைக்குப் பட்டால் கதவு திறக்காது.

கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்திக் கறக்கும் பழைய வழக்கத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். பார்க்கப் பாவமாயிருக்கும். ஆனால் செய்தவர்கள் விஷயம் தெரிந்தே செய்தார்கள். மாட்டின் மூளை கேட்கும் கேள்விக்கு ஒரு மணத்தைப் பதிலாகக் கொடுத்தார்கள்.

ஒரு கிழமை

கொட்டிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் கோழிக்கூடு. பின்னேரம் நெல்லைத் தூவிவிட்டுச் சும்மா நின்று பாருங்கள். முதலில் வருகிற பேட்டுக்கோழி எப்போதும் அதேதான். அது கொத்துகிற இடத்தில் இன்னொன்று தலையை நீட்டினால் உச்சியில் ஒரு கொத்து விழும். கொத்து வாங்கியது தனக்குக் கீழே உள்ளதைக் கொத்தும். கடைசிக் கோழி, கழுத்து மயிர் உதிர்ந்து, வேலியோரம் நின்று மிச்சம் பொறுக்கும்.

நோர்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பெ சின்னப் பையனாக இருந்த நாள் தொட்டே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆர் ஆரைக் கொத்துகிறது என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்து, 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். கூட்டத்தில் ஒவ்வொரு கோழியும் மற்றக் கோழியைத் தனித்தனியே அடையாளம் கண்டு, தனக்கு மேலே எது, கீழே எது என்று நினைவில் வைத்திருக்கிறது என்றார். "கொத்து வரிசை" என்ற கருத்து உலகுக்குக் கிடைத்தது அப்படித்தான்.

வரிசை என்றதும் அநியாயம் என்று தோன்றும். கடைசிக் கோழியைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் வரிசை குலைந்தால் என்ன நடக்கும் என்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கூல், அலீ என்ற இருவர் பார்த்தார்கள். 1944இல் அவர்கள் ஆய்வு வெளிவந்தது. சில கூட்டங்களை ஆள் மாற்றாமல் அப்படியே விட்டார்கள். வேறு சில கூட்டங்களில், நெடுநாள் இருந்த கோழியை எடுத்துவிட்டுப் புதிய கோழி ஒன்றை விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆள் மாறிக்கொண்டிருந்த கூட்டத்தில் கொத்துப்பாடு கூடியது, தீன் எடுப்பது குறைந்தது, உடம்பு நிறை குறைந்தது, முட்டையும் குறைந்தது. தீன் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

காரணம் உடலின் கணக்கில் இருக்கிறது. தனக்கு மேலே ஆர், கீழே ஆர் என்று நிச்சயம் இல்லாத கோழியின் அட்ரினல் சுரப்பி அழுத்த ஹோர்மோனை விட்டுக்கொண்டேயிருக்கும். இந்த ஹோர்மோன் கெட்டது இல்லை. கீரிப்பிள்ளை துரத்தும்போது உயிரைக் காப்பது அதுதான். சேமிப்பில் உள்ள சக்தியை எடுத்து இரத்தத்தில் விடும், சமிபாடு, முட்டை, காயம் ஆற்றுவது எல்லாவற்றையும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கும். கீரி போய்விட்டால் அந்தப் "பிறகு" வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் கோழியே கீரியாகிவிட்டால் அது வருவதே இல்லை.

அம்மம்மா புதுக்கோழி வாங்கினால் பகலில் விடமாட்டார். பொழுதுபட்டுப் பழைய கோழிகள் கூட்டில் ஒடுங்கிய பிறகுதான் கொண்டுபோய் நடுவில் வைப்பார். இருட்டில் கோழி சண்டை பிடிக்காது. விடியும்போது புதியதும் பழையதும் ஒன்றாகவே விழிக்கும். சண்டை அடியோடு இல்லாமல் போகாது, ஆனால் அதன் முனை மழுங்கிவிடும். "ஒரு கிழமைக்கு அதுகளைக் குழப்பாதையுங்கோ" என்பார். புது வரிசை நிலைத்துவர அவர் கொடுத்த தவணை அது.

ஓர் ஆண்டு

கோழியைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மெலிந்த கோழி கடைசியில் நிற்கிறதா, கடைசியில் நிற்பதால் கோழி மெலிகிறதா? விதைநெல் முந்தியா, நெல் முந்தியா என்பதுபோல இது எளிதில் அவிழாத முடிச்சு. அவிழ்த்தவை குரங்குகள்.

எங்கள் பக்கத்திலிருந்து ஏ9 வீதியில் தெற்கே இறங்கி மரதன்கடவலையில் கிழக்கே திரும்பினால் ஹபரணை தாண்டிப் பொலன்னறுவை. அங்குள்ள பழைய இராசதானியின் இடிபாடுகளுக்கும் மரங்களுக்கும் இடையே வாழும் செங்குரங்குகளை வோல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968இல் கவனிக்கத் தொடங்கினார். உச்சியில் தொப்பி வைத்ததுபோல மயிர்ச்சுழி உள்ள, இலங்கைக்கே உரிய குரங்கு அது. ஒரே விலங்குக் கூட்டத்தை இப்படிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகில் சில மட்டுமே.

செங்குரங்குக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்குவார்கள், ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறுவார்கள். மகளுக்குத் தாயின் தரம் வாய்க்கும். தரம் என்பது வெறும் மரியாதை இல்லை. செங்குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு ஓடி, பிறகு ஆறுதலாக மென்று தின்னும். தரம் கூடிய குரங்கு வந்து, கீழே உள்ளதன் வாயைத் திறந்து, விரலை விட்டு அந்தப் பையிலிருந்தே தீனை எடுத்துவிடுவதை டிட்டஸ் பதிவுசெய்திருக்கிறார். கீழே உள்ளது எதிர்க்காமல் வாயைத் திறந்து கொடுத்துக்கொண்டிருக்கும். அவர் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி, பிறக்கும் பெண் குட்டிகளில் 85 வீதமும் ஆண் குட்டிகளில் 90 வீதமும் வளர்ந்து ஆளாகும் முன்பே செத்துப்போகின்றன. உணவு குறைந்த காலத்தில் அந்தச் சாவு வரிசையின் அடியில் இருப்பவர்களைத்தான் தேடிப்போகும்.

கன்னப்பையிலிருந்து பறிபோவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது பறிபோகிறதா? இதற்குப் பதில் அமெரிக்காவின் அட்லாண்டாவில், எமரி பல்கலைக்கழகத்தின் யேர்க்கீஸ் ஆய்வு நிலையத்தில் கிடைத்தது. நோவா ஸ்னைடர்-மக்லர், ஜெனி டங் முதலானோர் செங்குரங்கின் சொந்தக்கார இனமான ரீசஸ் குரங்குகளில் 45 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து ஐந்தாக ஒன்பது கூட்டம் அமைத்தார்கள். கூட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டார்கள். முந்தி வந்தது மேலே, பிந்தி வந்தது கீழே என்று வரிசை தானாக அமைந்தது. பஸ்ஸில் முதல் ஏறியவர் யன்னலோரம் பிடிப்பதுபோலத்தான். பலமோ பிறப்போ அங்கே வரிசையைத் தீர்மானிக்கவில்லை, வந்து சேர்ந்த ஒழுங்கு தீர்மானித்தது.

பிறகு குருதியை எடுத்து, நோய் எதிர்ப்புக் கலங்களில் எந்த மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் வேறுபாடு தெரிந்தது. பாக்டீரியாவின் புறச்சுவர்ப் பொருளை அந்தக் கலங்களில் சேர்த்தபோது, கீழ்வரிசைக் குரங்குகளின் கலங்களில் அழற்சியைக் கிளப்பும் மரபணுக்கள் கூடுதலாக முடுக்கிவிடப்பட்டன. கிருமியோடு போராட அழற்சி வேண்டியதுதான். ஆனால் அது அடங்காமல் கனன்றுகொண்டிருந்தால் சொந்த உடலையே சுடும்.

முக்கியமான வேலையை இதன்பிறகு செய்தார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துக் கூட்டங்களைக் கலைத்து, வரிசை மாறும்படி மறுபடி அமைத்தார்கள். மேலே இருந்த சில குரங்குகள் கீழே வந்தன, கீழே இருந்தவை மேலே போயின. மரபணுக்களின் வேலையும் புதிய இடத்தைப் பின்பற்றி மாறியது. 2016இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளிவந்த இந்த ஆய்வு, முடிச்சின் ஒரு நுனியையாவது அவிழ்த்துவிட்டது. மெலிந்த உடல் கீழே போகலாம். ஆனால் கீழே போன உடல், மற்றக் குறை எதுவும் இல்லாவிட்டாலும், அந்த இடத்துக்கேற்ப மாறுகிறது. இடத்தை மாற்றினால் உடலும் திரும்பி வருகிறது. மரபணுவைத் தலையெழுத்து என்று நினைத்திருந்தோம். அது பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து அன்றாடம் எழுதப்படும் கணக்குப் புத்தகம்போலவும் நடந்துகொள்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். கீழே இருந்த குரங்குகளுக்குப் பேன் பார்த்துவிட ஆள் குறைவாகவே கிடைத்தது. வரிசையின் பாதிப்பில் ஒரு பங்கு அந்தக் குறை வழியாகவே உடலுக்குள் போயிருக்கிறது. கொத்து வாங்குவது ஒரு துன்பம், தலையில் கைவைக்க ஆளில்லாதது வேறொரு துன்பம். உடல் இரண்டையும் கணக்கில் எடுக்கிறது.

ஓர் ஆயுள்

வன்னியில் யானைக்கதை சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. கதைகளில் கூடுதலாக வருவது "தனியன்". கூட்டத்தோடு சேராமல் திரியும் வளர்ந்த ஆண் யானை. அதற்கு மதம் வந்துவிட்டால் ஊரே கதவடைக்கும்.

மதத்தை விசர் என்று பலர் நினைக்கிறார்கள். அது உடல்நலத்தோடு உள்ள வளர்ந்த ஆண் யானைக்கு அவ்வப்போது வரும் ஒரு பருவம். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள சுரப்பியிலிருந்து மதநீர் வடியும், சிறுநீர் சொட்டிக்கொண்டேயிருக்கும், இரத்தத்தில் டெஸ்டஸ்டெரோன் பல மடங்கு ஏறும். இது வயதோடும் உடம்போடும் மட்டும் சம்பந்தப்பட்டது என்று எண்ணியிருந்தவர்களுக்குத் தென்னாபிரிக்காவில் ஒரு பாடம் காத்திருந்தது.

அங்கே குரூகர் தேசிய வனத்தில் யானைத்தொகை மிஞ்சுகிறது என்று கூட்டங்களைச் சுட்டுக் குறைத்தார்கள். பெரிய யானைகள் செத்தன. மிஞ்சிய கன்றுகளை 1980களிலிருந்து பிலனஸ்பேர்க் போன்ற புதிய காப்பகங்களுக்கு லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். தாய் இல்லை, பாட்டி இல்லை, வளர்ந்த ஆண் யானை ஒன்றுகூட இல்லை. கன்றுகள் வளர்ந்தன. பொதுவாக 25 வயதுக்கு மேல் வரவேண்டிய மதம் அங்கிருந்த இளம் ஆண்களுக்கு 18 வயதளவிலேயே வந்தது. வந்தது மாதக்கணக்கில் நின்றது. 1992க்கும் 1997க்கும் இடையே அந்த இளம் யானைகள் 40க்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன.

1998இல் குரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இளம் ஆண்களின் மதக்காலம் சுருங்கியது, காண்டாமிருகக் கொலைகள் நின்றன. ரொப் ஸ்லொட்டோவும் கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டு நேச்சர் சஞ்சிகையில் எழுதிய இந்தச் சம்பவத்தின் உள்விஷயம் இதுதான்: மதம்கொண்ட இளம் யானை, மதம்கொண்ட பெரிய யானையோடு மோதிப் பின்வாங்கினால், சில நிமிடத்திலோ சில மணித்தியாலத்திலோ அதன் மதக்குறிகள் மறைந்துவிடும். அடக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், உடல் தன் கொதிப்பைத் தானே இறக்கிக்கொள்கிறது. மூடி இல்லாத பானை பொங்கியதுபோல, பெரியவர் இல்லாத உடம்பு பொங்கியிருக்கிறது.

ஆனால் எல்லாம் அவ்வளவு லேசாகத் திரும்பிவிடவில்லை. கிரேம் ஷனன், கரென் மக்கோம்ப் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிலனஸ்பேர்க் யானைக் குடும்பங்களுக்கு மற்ற யானைகளின் அழைப்புக் குரலை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். கென்யாவில் குலையாத குடும்பங்களோடு வாழும் அம்பொசெலி யானைகள், குரல் அன்னியமா, பழகியதா, வயது மூத்ததா, இளையதா என்று பிரித்தறிந்து, ஆபத்துள்ள குரலுக்கு நெருங்கி நின்று அரண் கட்டின. பிலனஸ்பேர்க் யானைகளுக்கு அந்தப் பிரித்தறிவு இல்லை. சுட்டுக் குலைத்துப் பல பத்தாண்டுகள் கழிந்தும் இல்லை. மதத்தை அடக்க ஆறு யானை வந்து நின்றது போதுமாயிருந்தது. குரலைத் தரம்பிரிக்கச் சொல்லித்தர வேண்டிய பாட்டியை லொறியில் கொண்டுவர முடியவில்லை.

நம் பக்கத்துத் தனியன்களும் எப்போதும் தனியன்களாகவே இருப்பதில்லை. தென்னிந்தியாவில் நிஷாந்த் சீனிவாசையாவும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், காடு விட்டு வயல் நிலங்களில் திரியும் இளம் ஆண் யானைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, நெடுநாள் ஒன்றாகவே நடப்பதைக் கண்டார்கள். மனிதருக்கு நடுவே தீன் தேடுவது ஆபத்து. ஆபத்தில் துணை வேண்டும் என்று யானைக்கும் தெரிகிறது.

ஒரு தலைமுறை

கோழியில் கண்ட வரிசை, குரங்கில் கண்ட அழற்சி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனம் சோரும். கீழே உள்ளவர் என்றைக்கும் வாடத்தான் வேண்டுமா? கென்யாவின் மாசாய் மாராவில் பபூன் குரங்குகளை 1978 முதல் பார்த்துவந்த ரொபேட் சபோல்ஸ்கி இதற்கு எதிர்பாராத பதில் ஒன்றைக் கண்டார்.

பபூன் ஆண்கள் பொல்லாதவர்கள். மேலே உள்ளது தோற்றால் கீழே உள்ளதைக் கடிக்கும். அதனால் கீழ்வரிசை ஆண்களின் இரத்தத்தில் அழுத்த ஹோர்மோன் எப்போதும் உயர்ந்தே நிற்கும் என்று சபோல்ஸ்கி ஆண்டுக்கணக்காக அளந்து காட்டியிருந்தார். 1980களின் தொடக்கத்தில் அவர் பார்த்த ஒரு கூட்டத்தின் முரட்டு ஆண்கள் பக்கத்து உல்லாச விடுதியின் குப்பை மேட்டுக்குச் சண்டைபிடித்துக்கொண்டு தீன் எடுக்கப் போய்வந்தார்கள். அங்கே கொட்டியிருந்த இறைச்சியில் மாட்டுக் காசநோய் இருந்தது. போனவர்கள் எல்லோரும் செத்தார்கள். சண்டைக்குப் போகாத சாது ஆண்களும் பெண்களும் குட்டிகளும் மிஞ்சினார்கள்.

கூட்டத்தின் குணமே மாறிவிட்டது. வரிசை இருந்தது, ஆனால் கீழே உள்ளவரைச் சும்மா கடிப்பது அருகிவிட்டது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து பேன் பார்ப்பது கூடியது. கீழ்வரிசை ஆண்களின் உடலில் வழக்கமான அழுத்தக் குறிகள் காணப்படவில்லை. பத்தாண்டு கழிந்தது. சாது ஆண்களும் செத்தோ விலகியோ போனார்கள். பபூன்களில் ஆண்கள்தான் பிறந்த கூட்டம் விட்டு வேறு கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஆதலால், அப்போது அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், முரட்டுக் கூட்டங்களில் வளர்ந்தவர்கள். அவர்களும் அந்த ஊர்க் குணத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்கள் புதிதாக வந்தவனை விரைவிலேயே பக்கத்தில் சேர்த்துப் பேன் பார்த்தார்கள். அவனைக் கடிக்க ஆளும் குறைவு. சபோல்ஸ்கியும் லிசா ஷெயாரும் 2004இல் இதை எழுதினார்கள்.

அப்படியென்றால் உடலை அரிப்பது வரிசை மட்டும் இல்லை, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை எப்படி நடத்துகிறார் என்பதும்தான். அந்த நடத்தை குருதி வழியாக வருவதில்லை. பார்த்துப் பழகி வருகிறது.

மனிதரைப் பபூனோடு அப்படியே பொருத்திப் பார்க்கக்கூடாது. நமக்கு ஒரே நேரத்தில் பல வரிசைகள் உண்டு. கந்தோரில் கடைசியில் நிற்பவர் கோயில் நிர்வாகத்தில் தலைவராயிருப்பார். ஆனாலும் 1967இல் லண்டன் அரச ஊழியர்களிடையே தொடங்கிய ஆய்வில், பதவிப்படி இறங்க இறங்க இதயநோயால் சாவது கூடியது. புகைத்தல் போன்ற பழக்கங்கள் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. நம் உடலும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

2008 கடைசியில் போர் நெருங்கி ஊர் விட்டு வெளிக்கிட்டபோது சிவலையைக் கட்டவிழ்த்துவிட்டுத்தான் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது கொட்டில் இருந்த இடத்தில் ஈச்சம்பற்றை. அந்த நாட்களில் வீதியில் கண்டவர்கள் ஒருவரையொருவர் கேட்டது கிணற்றைப் பற்றியோ கூரையைப் பற்றியோ இல்லை. "பக்கத்து வளவுக்காரர் வந்திட்டினமோ?" என்றுதான் கேட்டார்கள். ஆட்கள் வரவேண்டும், வந்த பிறகுதான் வளவு வளவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு அம்மம்மா ஒரு மாடு வாங்கினார். தூரத்துப் பட்டியொன்றிலிருந்து வந்த கறுப்பி. இரவிரவாகக் கத்தியது, தவிட்டைத் தொடவில்லை, மடியில் கை வைத்தால் உதைத்தது. மாடு கூட்டத்தின் பிள்ளை, தனியே கட்டினால் இதயத் துடிப்பு ஏறும், பழகியது ஒன்று பக்கத்தில் நின்றால் இறங்கும் என்று அளந்து எழுதிய ஆய்வுகளை நான் படித்தது மிகவும் பிந்தி. அம்மம்மா ஒன்றும் படிக்கவில்லை. பக்கத்து வளவுக்காரர் தங்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் கட்டும்வரை பொறுத்திருந்தார். பிறகு கறுப்பியின் கயிற்றை வேலிக்கு இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினார். கிடுகு இடைவெளியால் இரண்டும் மூஞ்சியை முகர்ந்துகொண்டன.

அன்றைக்கு இரவு கறுப்பி படுத்து அசைபோடும் சத்தம் கேட்டது.